முன்வரிசைச் சிரிப்பு

நவம்பர் 18

இது போன வருஷத்து டைரி. பாத்திரக் கடையில கொடுத்தது. கிழமை ஒண்ணும் ஒத்துவராது, தேதியை மட்டும் பார்த்துக்க வேண்டியதுதான். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஷர்மிளா மேடம், "வீட்ல அவருக்கு எது புரிஞ்சுது, எது புரியலைன்னு தினமும் ஒரு வரி எழுதி வைங்கம்மா"ன்னாங்க. அவங்ககிட்ட காட்டறதுக்குத் தனியா ஒரு நோட்டு இருக்கு. இது எனக்கு.

காலையில இவர் முகம் கழுவிட்டுக் குழாயை மூடாம வந்து பேப்பரை விரிச்சார். எனக்கு எரிச்சல். "ஆமா, அப்படியே திறந்து போடுங்க. திண்டுக்கல் பூராவுக்கும் நாமதானே தண்ணி சப்ளை"ன்னு கத்திட்டு ஆபீஸ் கிளம்பிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தா டேங்க்ல சொட்டுத் தண்ணி இல்லை. குழாய் வெறும் காத்தை ஊதிக்கிட்டிருக்கு. "ஏங்க மூடலை?"ன்னா, "நீதானே திறந்து போடச் சொன்னே"ங்கிறார். முகத்துல குறும்பு கிடையாது. நிஜமாவே அப்படித்தான் நினைச்சிருக்கார்.

யாரு? சிரிப்பு மத்தாப்பு பூமிநாதன்! பகல்ல பள்ளிக்கூடத்துல தமிழ் வாத்தியார், திருவிழான்னா பட்டிமன்ற மேடை. இந்த ஜில்லாவுல அவர் பேசாத ஊர் கிடையாது. அந்த வாயில ஒரு வார்த்தை நேரா வந்து நான் கேட்டதில்லை. செப்டம்பர்ல மூளையில ரத்தக்குழாய் அடைச்சு ஆஸ்பத்திரியில கிடந்தார். உசுரு பிழைச்சுது. இடது கை இன்னும் சரியா தூக்க வரலை. பேச்சு தெளிவாத்தான் இருக்கு. ஆனா அடிபட்டது வலது பக்க மூளையாம், அதுல கிண்டல் போயிடுச்சு. பண்ணவும் வரலை, அடுத்தவங்க பண்ணினாப் புரியவும் இல்லை. பயிற்சி கொடுத்தா திரும்பி வரலாம்னு டாக்டர் சொல்றார்.

பக்கத்து வீட்ல ரெண்டு வாளி தண்ணி கேட்டு வாங்கிப் பாத்திரம் கழுவினேன்.

நவம்பர் 20

என் வேலையை வெளியில சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. கம்ப்யூட்டருக்குக் கிண்டல்னா என்னன்னு கத்துக்கொடுக்கிறது. இவர் படுத்ததுக்கப்புறம், அங்க ஏற்கனவே வேலை பார்க்கிற பேகம்பூர் ஜீனத்துதான் கூட்டிட்டுப் போய்ச் சேர்த்துவிட்டா. மெடிக்கல் கடைக்கு மேல மாடி. வரிசையா கம்ப்யூட்டர், ஒரு டீ கேன், ஓயாம கடகடன்னு சத்தம் போடற ஏசி.

திரையில ஒரு வாக்கியம் வரும். யாரோ எங்கயோ எழுதினது. கீழ மூணு பட்டன்: கிண்டல், கிண்டல் இல்லை, தெரியலை. கிண்டல்னு போட்டா, அதுக்கு நேர்ப்பொருள் எழுதணும். உதாரணத்துக்கு, "எங்க தெருவுக்குள்ளேயே நீச்சல் குளம் வெட்டிக் கொடுத்த காண்ட்ராக்டர் ஐயாவுக்குக் கோடி நன்றி"ன்னு வந்துச்சு. கிண்டல். நேர்ப்பொருள்: ரோடு பள்ளமா இருக்கு, எனக்குக் கோபமா இருக்கு. ஒரே வாக்கியம் மூணு பேருக்குப் போகும். ரெண்டு பேர் ஒண்ணு சொன்னா அதுதான் முடிவு. கம்ப்யூட்டர் அதைத்தான் படிச்சுக்கும்.

எங்க டீம் லீடர் டெல்வின் சின்ன வயசுக்காரர். "அதுக்கு முகம் தெரியாது மேடம், குரல் கேட்காது, பச்சைக் குழந்தை. நாமதான் சொல்லித் தரணும்"னார்.

ஜீனத் என் காதுல, "உங்க வீட்டு அண்ணனும் இப்ப அப்படித்தானேக்கா"ன்னா. சட்டுன்னு நாக்கைக் கடிச்சுக்கிட்டா. நான் அடுத்த வாக்கியத்துக்குப் பட்டனைத் தட்டினேன். எனக்கு ஒண்ணும் தோணலை.

நவம்பர் 23

ஷர்மிளா மேடம் ஒரு கட்டு அட்டை கொடுத்தாங்க. ஒவ்வொரு அட்டையிலயும் ஒரு சம்பவம். தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் உக்காந்து படிச்சுக் காட்டணும். அங்கேயே ஒண்ணு செஞ்சு காட்டினாங்க.

"வெளியில மழை கொட்டுது. சேகர் ஜன்னலைத் திறந்து பார்த்துட்டு, 'அடடா, என்ன வெயில்!'ங்கிறான். சேகர் ஏன் சார் அப்படிச் சொன்னான்?"

இவர் நல்லா யோசிச்சார். "சேகருக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணணும்"னார்.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பழைய பூமிநாதன் சொல்லியிருந்தா இதே வார்த்தைக்கு ஹால் அதிர்ந்திருக்கும். இவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "தப்பா?"ன்னு கேட்டார். பாவமா இருந்துச்சு.

"கவலைப்படாதீங்கம்மா, பழைய சாரை உங்ககிட்ட திருப்பிக் கொடுத்துடறோம்"னாங்க மேடம். பஸ்ல வரும்போது அதையேதான் நினைச்சுக்கிட்டு வந்தேன்.

நவம்பர் 24

அட்டை எடுக்கலை. துணி நிறைய சேர்ந்து கிடந்துச்சு.

நவம்பர் 25

அட்டை எடுக்கலை. சிலிண்டர் வர்ற நாள்.

நவம்பர் 29

ரேஷன் கடையில கூட்டம். பருப்பு இல்லைன்னுட்டாங்க. மேடம் கொடுத்த அட்டைக் கட்டைக் காணோம். தேடணும்.

டிசம்பர் 2

காலையில இட்லி. இவர் ஒரு வாய் வெச்சுட்டு, "சட்னியில உப்பு இல்லை. நேத்து வெச்ச சட்னி ரொம்ப நல்லா இருந்துச்சு"ன்னார்.

"நேத்து நல்லா இருந்துச்சா?"

"ஆமா. முந்தாநேத்து வெச்ச புளிக்குழம்பும் நல்லா இருந்துச்சு. நீ நல்லா சமைப்பே."

உப்பு டப்பாவை எடுத்துக்கிட்டு வந்து நின்னவ, எதுக்கு வந்தேன்னே மறந்துட்டேன். கல்யாணம் ஆகி எங்க பையன் காலேஜுக்கே போயிட்டான். இத்தனை வருஷத்துல இந்த மனுஷன், "வைத்தியர் ஃபீஸ் மிச்சம், வயித்தைக் கழுவிவிட உன் குழம்பு போதும்"னுதான் சொல்லியிருக்கார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நல்லா இருக்குன்னது கிடையாது.

இதை மேடத்தோட நோட்டுல எழுதலை. அவங்க கேட்டது இது இல்லையே.

டிசம்பர் 5

காளியப்பன் அண்ணன் வந்திருந்தார். பழனி ரோடு மண்டபத்துல வருஷா வருஷம் பொங்கலுக்குப் பட்டிமன்றம் நடத்துறவர். ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிட்டு வந்தார்.

"மாப்ளே, உன் வாய்க்குத்தான்யா ஜனம் வருது. பத்து நிமிஷம் போதும். வர்றே."

இவர், "எனக்கு இப்ப சிரிக்க வைக்கத் தெரியலைண்ணே. மேடையில நின்னா என்ன பேசறதுன்னு பயமா இருக்கு"ன்னார். அண்ணன் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். "பாரு தங்கச்சி, படுத்துக் கிடந்தாலும் நக்கல் போகலை!"

வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். அப்பத்தான் அவர் முகம் மாறுச்சு. "நிஜமாவே வரலையாம்மா?"ன்னார். தலையாட்டினேன். "மேடை இல்லாட்டி அவன் செத்துருவான் தங்கச்சி. பொங்கலுக்குள்ள எப்படியாவது தேத்திக் கொண்டாந்துரு. உன் கையிலதான் இருக்கு." சரிண்ணேன்னு சொன்னேன்.

உள்ளே வந்தா இவர் ஜன்னல்கிட்ட நிக்கறார். "மேடைக்குப் போகணும்னு ஆசையா இருக்கு மங்கை. அங்கதான் எனக்கு மரியாதை"ன்னார். அழுதுடுவார் போல இருந்துச்சு. காபி போட்டுக் கொடுத்தேன்.

டிசம்பர் 6

அட்டை தேட நேரமில்லை.

டிசம்பர் 11

ஆபீஸ்ல இந்த மாசம் பட்டிமன்றப் பேச்சு. யூடியூப்ல கிடக்கிறதையெல்லாம் எழுத்தாக்கி வெட்டி வெட்டி அனுப்பறாங்க. கூட்டம் எங்க சிரிச்சுதோ அங்க அடைப்புக்குள்ள 'சிரிப்பு'ன்னு இருக்கும். அந்த வரிக்குக் கம்ப்யூட்டர் தானாவே மஞ்சள் அடிச்சு, 'கிண்டலாக இருக்கலாம்'னு சொல்லும். "சிரிப்புதான் மேடம் அதுக்குத் துப்பு. அதை வெச்சுத்தான் கத்துக்குது"ன்னார் டெல்வின்.

மத்தியானத்துக்கு மேல இவர் பேச்சு வந்துச்சு. பேர் போடலை. பேர் எதுக்கு, எனக்குத் தெரியாதா?

"நான் ஊருக்குக் கிளம்பினா எங்க வீட்டம்மா அழுதுருவாங்க. ஐயோ, இந்த ஆளு திரும்பி வந்துருவானேன்னு!" சிரிப்பு. கிண்டல்னு போட்டேன். நேர்ப்பொருள்: என் மனைவிக்கு என்னைப் பிடிக்காது.

"அவங்க பி.எஸ்சி. கணக்குங்க. வீட்ல மொத்தம் ஒரே கணக்குதான். நான் சொன்னா தப்பு, அவங்க சொன்னா ரைட்டு!" சிரிப்பு. நேர்ப்பொருள்: என் மனைவி படித்தது வீண்.

"திடீர்னு ஒரு நாள் வேலைக்குப் போறேன்னாங்க. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அம்மா தாயே, அந்த ஆபீஸ் உனக்கு என்ன பாவம் பண்ணுச்சுன்னு!" சிரிப்பு, கைதட்டல், விசில். நேர்ப்பொருள்: நான் அவளை வேலைக்கு விடவில்லை.

அதுக்கு மேல கொஞ்ச நேரம் கை ஓடலை. ஜீனத் எட்டிப் பார்த்தா. "அக்கா, இதை வேற ஆளுக்குத் தள்ளிவிடச் சொல்லட்டுமா?"

"எதுக்கு? இதோட நேர்ப்பொருள் என்னை விட யாருக்குத் தெரியும்?"ன்னேன்.

எல்லாத்தையும் முடிச்சுட்டுத்தான் எழுந்தேன். அழுகையெல்லாம் வரலை. கை மட்டும் ஜில்லுனு இருந்துச்சு. அந்த ஏசி காத்து நேரா என் மேலதான் அடிக்குது, இடம் மாத்திக் கேட்கணும்.

டிசம்பர் 19

இவர் போன்ல தன்னோட பழைய பேச்சைப் போட்டுப் பார்த்துக்கிட்டிருந்தார். பள்ளிப் பாடம் படிக்கிற மாதிரி, நெத்தியைச் சுருக்கிக்கிட்டு. நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தேன்.

"மங்கை, நான் உன்னைப் பத்தி இப்படிப் பேசினப்ப உனக்குப் பிடிச்சுதா?"

"பிடிக்கலை."

"அப்ப ஏன் முன்வரிசையில உக்காந்து சிரிக்கிறே? இதோ, வீடியோவுல தெரியுதே."

என் முன்னாடி போனை நீட்டினார். பச்சைப் பட்டு, தலை நிறையப் பூ, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. என் மூஞ்சிதான்.

"நீங்க ஒவ்வொரு ஜோக் சொன்னதும் ஜனம் பூரா திரும்பி என் முகத்தைத்தான் பார்க்கும். உர்ருனு உக்காந்திருந்தா உங்களுக்கு அவமானம். சிரிச்சா எனக்கு மட்டும்தான். அதான் சிரிச்சேன்."

"ஓ"ன்னார். அப்புறம், "எனக்குத் தெரியலை. நீ சந்தோஷமா இருக்கேன்னு நினைச்சேன்"னார்.

இவர் எப்பவும் என்கிட்ட கேள்வி கேட்டதே இல்லை. கேட்டாலும் அதுக்குள்ள ஒரு ஊசி இருக்கும். இப்ப கேட்கிறது கேள்வி மாதிரியே இருக்கு. உரிச்ச வெங்காயத்தை விட்டுட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்திருந்தேன். எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அவ்வளவுதான் எழுத முடியுது.

டிசம்பர் 28

அட்டைக் கட்டு கிடைச்சிடுச்சு. அரிசி டிரம்முக்குப் பின்னாடி இருந்துச்சாம். இவர்தான் எடுத்தார். "இது எப்படி அங்க போச்சு?"ன்னார். தெரியலைன்னேன். சரின்னுட்டார். சொன்னா நம்பிடறார் மனுஷன்.

காளியப்பன் அண்ணன் போன் பண்ணினார். "புதுசா எதுவும் வேண்டாம் தங்கச்சி. பழைய பேச்சையே மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கச் சொல்லு. ஜனத்துக்கு அவனைப் பார்த்தாலே போதும். நீ சொல்லிக்கொடு, உனக்குத்தான் எல்லாம் அத்துப்படி." ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டிருந்த இவர் முகம் பூரா வெளிச்சம். எப்படி முடியாதுங்கறது?

ஜனவரி 5

தினமும் ஒப்பிக்கிறார். எனக்குத்தான் வரி வரியா தெரியுமே. எங்க நிறுத்தணும், எங்க தண்ணி குடிக்கணும், எல்லாம்.

"'ஐயோ, இந்த ஆளு திரும்பி வந்துருவானேன்னு!' இங்க நிறுத்துங்க. சிரிப்பாங்க."

"ஏன் சிரிப்பாங்க?"

"சிரிப்பாங்க. அவ்வளவுதான்."

"ஆஸ்பத்திரியில இருந்து நான் திரும்பி வந்தப்ப நீ அழுதியே. அது, திரும்பி வந்துட்டேனேன்னா?"

"இல்லை."

"அப்ப இது பொய்."

"பொய்தான். மனப்பாடம் பண்ணுங்க"ன்னேன். ஒரு மாதிரி எரிஞ்சு விழுந்துட்டேன் போல. அவர் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சார்.

ஜனவரி 17

நேத்து சாயங்காலம் பட்டிமன்றம். மகிழ்ச்சி அதிகம் இருப்பது வீட்டிலா, வெளியிலா? இவர் வெளியிலேங்கிற கட்சி. சட்டைப் பட்டனை நான்தான் போட்டுவிட்டேன், இடது கைப் பக்கம் இன்னும் முடியலை. அந்தப் பச்சைப் பட்டையே கட்டிக்கச் சொன்னார் காளியப்பன் அண்ணன். முன்வரிசை, நடு சேர்.

இவர் எழுந்ததும் கைதட்டல் அடங்கவே இல்லை. மைக்கைப் பிடிச்சார். வணக்கம் சொன்னார். "நான் ஊருக்குக் கிளம்பினா எங்க வீட்டம்மா அழுதுருவாங்க. ஐயோ, இந்த ஆளு திரும்பி வந்துருவானேன்னு!" சொல்லிக் கொடுத்த மாதிரியே நிறுத்தினார். ஹால் சிரிச்சுது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தாங்க. நான் சிரிச்சேன்.

அடுத்த வரி அவருக்கு வரலைன்னு நினைச்சேன். உதட்டை அசைச்சு எடுத்துக் கொடுக்கப் பார்த்தேன். ஆனா மறந்த முகமா அது இல்லை. யோசிக்கிற முகம்.

"இது பொய்"னார். சிரிப்பு.

"செப்டம்பர்ல எனக்கு உடம்பு முடியலை. ஆஸ்பத்திரியில இருந்து நான் திரும்பி வந்தப்ப அவ அழுதா. சந்தோஷத்துல அழுதா." இன்னும் சிரிப்பு.

"அவ நல்லா சமைப்பா." பின்வரிசையில ஒருத்தர் நாற்காலியையே தட்டினார்.

"அவ பி.எஸ்சி. கணக்கு. என்னை விட அறிவாளி. வேலைக்குப் போறேன்னு கேட்டா. நான் விடலை. மேடைக்கு மேடை அவளைக் கேவலமா பேசினேன். அது தப்பு. எனக்கு வருத்தமா இருக்கு."

விசில். கைதட்டல். நடுவர் துண்டால கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "ஐயோ போதும்யா, வயிறு வலிக்குது"ங்கிறார். இவருக்கு ஒண்ணும் புரியலை. மைக்கை இன்னும் கிட்ட இழுத்தார்.

"ஏன் சிரிக்கிறீங்க? நான் நிஜமாத்தான் சொல்றேன்."

அதுக்குத்தான் கூட்டம் எழுந்தே நின்னுடுச்சு. "பழைய பூமிநாதன் வந்துட்டான்டா!"ன்னு காளியப்பன் அண்ணன் கத்தறது கேட்டுச்சு.

இவர் யார் முகத்தையும் பார்க்கலை. நேரா என்னைத் தேடினார். அத்தனை பேருக்கும் நடுவுல, நிஜமாத்தான் சொல்றேன்னு இவருக்கு ஒரு சாட்சி வேணும். நான் ஒருத்திதான் இருக்கேன்.

அந்த நேரம் ஜனம் பூரா திரும்பி என்னைப் பார்த்துக்கிட்டிருந்துச்சு. என் முகம் சிரிச்சுக்கிட்டிருந்துச்சு. பல்லெல்லாம் தெரிய. நான் சிரிக்கலை, அதுவா சிரிச்சுது. இத்தனை வருஷப் பழக்கம். நிறுத்தணும்னு நினைச்சேன், நிக்கலை.

அவர் அதைப் பார்த்தார். பார்த்துட்டு, மெதுவா, தானும் சிரிச்சார்.

வீட்டுக்கு வந்து பொன்னாடையை மடிச்சு வெச்சேன். "நீயும் சிரிச்சியே"ன்னார். பழக்கம்னேன். "அப்ப நான் சொன்னது ஜோக்குதானா?"ன்னு கேட்டார்.

இல்லைன்னு சொல்லியிருக்கணும். ரெண்டு எழுத்தா, மூணு எழுத்தா, அவ்வளவுதான். பட்டுப்புடவையை வெளியில காயப் போட்டுட்டு வந்து சொல்லலாம்னு போனேன். வர்றதுக்குள்ள காளியப்பன் அண்ணன் போன். இவர் அவர்கிட்ட, "ஆமாண்ணே, எல்லாரும் சிரிச்சாங்கண்ணே"ன்னு சொல்லிக்கிட்டிருந்தார்.

ஜனவரி 18

பொங்கல் பாத்திரம் தேய்ச்சேன். அடிப்பிடிச்சது போகலை.

ஜனவரி 26

அந்த வீடியோ ஊர் பூரா சுத்துது. கோயமுத்தூர்ல இருந்து பையன் போன் பண்ணி, "அப்பா மாஸும்மா. ஹாஸ்டலே சிரிக்குது"ன்னான். "அப்பா நிஜமாத்தான் சொன்னாருடா"ன்னேன். "நீயும் அதே ஸ்டைல்ல ஆரம்பிச்சுட்டியா"ன்னு சிரிச்சு வெச்சுட்டான்.

இவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார். கூட்டம் சிரிக்கிற இடத்துல நிறுத்தி, முன்னாடி தள்ளி, மறுபடி பார்க்கிறார். அட்டைக் கட்டையும் தானே எடுத்து வெச்சுக்கிட்டுப் படிக்கிறார்.

ஜனவரி 30

ஷர்மிளா மேடத்துகிட்ட போனோம். மழை அட்டையை எடுத்தாங்க. "சேகருக்கு மழை மேல கடுப்பு. அதான் வெயில்னு நக்கல் பண்றான்"னார் இவர். மேடம் கைதட்டினாங்க. "மேடைதான் சார் உங்களுக்கு மருந்து. ரொம்ப சந்தோஷமா இருக்குமேம்மா உங்களுக்கு?"

"ரொம்ப"ன்னேன்.

மேடம் அதை அப்படியே எடுத்துக்கிட்டாங்க.

பிப்ரவரி 3

காலையில உப்புமா. இவர் ஒரு வாய் போட்டார். தலையைச் சாய்ச்சார். இடது புருவம் மேல போச்சு. அந்தப் புருவத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுடுச்சு.

"ஏம்மா, இதை மிச்சம் வெச்சா சுவத்துல ஓட்டை அடைக்கலாமா?"

சொல்லிட்டு என் முகத்தைப் பார்த்தார். குழந்தை முதல் அடி எடுத்து வெச்சுட்டுப் பார்க்குமே, அந்தப் பார்வை. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுன்னு எழுதினா அது பொய். வருத்தம்னா, அதுவும் முழுசா இல்லை. "நல்லா வருது"ன்னேன். என் முகம் என்ன பண்ணுச்சுன்னு தெரியலை. சிரிச்சிருக்கும்.

பள்ளிக்கூடத்துல அடுத்த மாசம் வந்து சேரலாம்னு சொல்லிட்டாங்களாம்.

பிப்ரவரி 9

எதிர்பார்த்ததுதான். ஆபீஸ்ல இன்னைக்கு என் திரைக்கு அது வந்துச்சு.

"அவ பி.எஸ்சி. கணக்கு. என்னை விட அறிவாளி. வேலைக்குப் போறேன்னு கேட்டா. நான் விடலை. மேடைக்கு மேடை அவளைக் கேவலமா பேசினேன். அது தப்பு. எனக்கு வருத்தமா இருக்கு." சிரிப்பு, விசில், கைதட்டல்.

மேல மஞ்சள். கிண்டலாக இருக்கலாம்.

எழுத்துல பார்க்கும்போது எவ்வளவு சாதாரணமா இருக்கு. ஒரு வார்த்தை கூட அலங்காரம் இல்லை. நேர்ப்பொருள் எழுத ஒண்ணுமே இல்லாத வாக்கியம். நான் இத்தனை வருஷம் கேட்கணும்னு இருந்தது இந்த ஒண்ணுதான், அதைக் கேட்ட அன்னைக்கு நான் பல்லைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். பாத்ரூம் போய் முகம் கழுவிட்டு வந்தேன்.

கிண்டல் இல்லைன்னு போட்டேன். மஞ்சள் அடிச்சதை மறுத்தா காரணம் எழுதணும். எழுதினேன்: நான் முன்வரிசையில் இருந்தேன். அவர் நிஜமாகத்தான் சொன்னார்.

பிப்ரவரி 10

திரும்பி வந்துடுச்சு. 'வெளித் தகவல் ஏற்கப்படாது. மற்ற இருவரும் கிண்டல் என்று குறித்துள்ளனர். முடிவு: கிண்டல்.'

டெல்வின்கிட்ட போய்க் கேட்டேன். "மேடம், கூட்டமே சிரிச்சிருக்கே"ன்னார். தப்பு அவர் மேல இல்லை. "நீங்களும்தான் மேடம் சிரிச்சிருக்கீங்க, வீடியோவுல பார்த்தேன்"னார், மரியாதையாத்தான். மத்த ரெண்டு பேர் யாருன்னு எனக்குத் தெரியாது. ஜீனத் இன்னைக்கு என்கிட்ட அதிகம் பேசலை.

வர்ற வழியில தோசை மாவு வாங்கினேன்.

பிப்ரவரி 12

காலையில தோசை வார்த்துக்கிட்டிருந்தேன். இவர் சமையல்கட்டுலேயே ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தார்.

"சனிக்கிழமை வடமதுரையில கூட்டம். அந்தப் பச்சைப் பட்டு கட்டிக்க. முன்வரிசையில உனக்கு சேர் போடச் சொல்லிட்டேன்."

"நான் வரலை."

"நீ வராம எப்படி? உன் மூஞ்சியைப் பார்த்தாத்தானே ஜனம் சிரிக்கும்."

"அதான் வரலை. ஆபீஸ் இருக்கு."

"அடேங்கப்பா. நீ ஒரு நாள் போகாட்டி கம்ப்யூட்டரெல்லாம் முட்டாளாயிடுமோ?" புருவம் மேல. "பொங்கலுக்குச் சொன்ன அதே அயிட்டத்தைத்தான் கேட்கறாங்க. 'அவ என்னை விட அறிவாளி, நான் நிஜமாத்தான் சொல்றேன்.' அதுக்கு நீ எதிர்ல இருக்கணும். எப்படிப் பிடிச்சேன் பார்த்தியா அந்த ஐடியாவை? உடம்பு முடியாதப்பவே!"

கரண்டியைக் கீழ வெச்சேன்.

"அது அயிட்டம் இல்லை. அன்னைக்கு நீங்க மனசுல இருந்து சொன்னீங்க. எனக்குத் தெரியும். இனிமே என்னை வெச்சு மேடையில பேசாதீங்க. எனக்குப் பிடிக்கலை. எப்பவுமே பிடிச்சதில்லை. நிஜமாத்தான் சொல்றேன்."

இவர் சிரிச்சார். வாயில இருந்த தோசையோட சிரிச்சார். "பலே! என் டயலாக்கை எனக்கேவா!"ன்னு தொடையைத் தட்டினார்.

என் முகம் தானா சிரிக்கப் பார்த்துச்சு. உதட்டோரம் இழுத்துச்சு, எனக்கே தெரிஞ்சுது. பல்லைக் கடிச்சுக்கிட்டேன். வேற எங்கயும் பார்க்காம அவரையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

இன்னும் கொஞ்சம் சிரிச்சார். என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் சேர்ந்துக்குவேனான்னு இன்னொரு தடவை சிரிச்சுப் பார்த்தார். நான் சேரலை. சிரிப்பு பாதியில நின்னுச்சு. கையில பிச்ச தோசை அப்படியே இருந்துச்சு.

"மங்கை?"ன்னார்.

சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு.

அடுப்பைத் திரும்பிப் பார்த்துட்டு, "கல்லுல தோசை கருகுது"ன்னார், மெதுவா.

ஆமா, கருகிக்கிட்டுத்தான் இருந்துச்சு.